ஹெல்மெட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? டிராக் டேக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம்

சொந்தக் காரை எடுத்துக்கொண்டு, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் பந்தயத் தடத்துக்கோ, கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ போக நினைப்பவர்கள் டயரைப் பற்றியும் பிரேக் பேடைப் பற்றியும் வாரக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஹெல்மெட் என்று வரும்போது மட்டும் எந்த பிராண்ட், என்ன விலை என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அளவைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் "டைட்டாத்தான் இருக்கணும்", "போடப் போடப் பழகிடும்" என்ற இரண்டு வாக்கியங்களில் அது முடிந்துவிடுகிறது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எந்த இறுக்கம் வேண்டும், எந்த இறுக்கம் கூடாது, எது பழகும், எது எத்தனை நாள் ஆனாலும் பழகாது என்று பிரித்துச் சொல்லாதவரை அந்த அறிவுரையால் பயனில்லை; சில வேளைகளில் அது தவறான ஹெல்மெட்டையே வாங்க வைக்கிறது.

டிராக் டே என்பது பந்தயம் அன்று. பந்தயத் தடத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சாதாரணக் கார் வைத்திருப்பவர்களும் எதிரே வண்டி வராத பாதையில், பரிசு எதுவும் இல்லாமல், தங்கள் காரை அதன் எல்லைவரை ஓட்டிப் பழக ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சி அது. பரிசு இல்லை என்பதால் வேகம் இல்லை என்று ஆகிவிடாது.

நான் முதன்முதலில் வாங்கிய ஹெல்மெட் என் தலைக்கு ஓர் அளவு பெரியது. சரியான அளவைப் போட்டுப் பார்த்தபோது கன்னங்கள் நெருக்கப்பட்டதால், கடைக்காரர் அடுத்த அளவை எடுத்துக் கொடுத்து, "இது ஃப்ரீயா இருக்கு சார்" என்றார். எனக்கும் அதுதான் வசதியாகத் தோன்றியது. தடத்தில் மூன்றாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை முழுவதும் அழுத்தியபோது, அந்த ஹெல்மெட் முன்னால் சரிந்து அதன் மேல்விளிம்பு என் பார்வையின் மேல்பாதியை மறைத்தது. திரும்ப வேண்டிய வளைவு அந்த மறைந்த பாதியில்தான் இருந்தது. இடது கையால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி அந்த வளைவைக் கடந்தேன். அடி எதுவும் படவில்லை என்றாலும், பொருத்தம் என்பது வசதியைப் பற்றிய விஷயம் என்று அதுவரை நான் நினைத்திருந்தது எவ்வளவு தவறு என்று அன்று விளங்கியது.

மட்டையோடு விழும் தேங்காய்

பொருத்தம் ஏன் முக்கியம் என்று புரிய வேண்டுமானால், ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கெட்டியான ஓடுதான் தலையைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

தென்னை மரத்தின் உச்சியில் இருந்து மட்டையோடு விழும் தேங்காய் பெரும்பாலும் உடைவதில்லை. அதே காயை உரித்துவிட்டு இடுப்பளவு உயரத்தில் இருந்து கல்லின் மேல் போட்டால் உடைந்துவிடுகிறது. சிரட்டையின் உறுதி இரண்டு வேளையும் ஒன்றுதான். மட்டைக்குள் இருக்கும் நார், தரையில் மோதும்போது நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில சென்டிமீட்டர் தூரத்தில் காய் படிப்படியாக வேகம் குறைந்து நிற்கிறது. உரித்த காய்க்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் உயரத்தில் இருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அது 3 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், நிற்கும்போது அதன் மேல் செயல்படும் விசை சராசரியாக அதன் எடையைப் போல் சுமார் 1,000 மடங்கு. 3 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் அது சுமார் 100 மடங்காகக் குறைந்துவிடும். நிற்கும் தூரம் பத்து மடங்கு கூடினால் விசை பத்தில் ஒரு பங்காகிறது. ஹெல்மெட் செய்யும் வேலை முழுவதும், தலைக்கு அந்தச் சில சென்டிமீட்டர்களைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான்.

ஹெல்மெட்டில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வெளியே இருப்பது ஓடு; ஃபைபர் கிளாஸ், கார்பன் ஃபைபர், பாலிகார்பனேட் போன்ற பொருள்களில் செய்யப்படும் அது, கூரான பொருள் உள்ளே நுழையாமல் தடுத்து, அடியைப் பரந்த இடத்துக்குப் பரப்புகிறது. அதற்கு உள்ளே இருப்பது நசுங்கும் அடுக்கு. டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிகளில் வரும் அதே தெர்மாகோல்தான் இது. ஹெல்மெட்டுக்கு ஏற்ற அடர்த்தியில் வார்க்கப்பட்டிருக்கும். தேங்காய் நாரின் வேலையைச் செய்வது இந்த அடுக்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே, தோலைத் தொடும் துணி போர்த்திய ஸ்பாஞ்சு மெத்தை இருக்கிறது. மெத்தை வசதிக்காகவும், ஹெல்மெட் தலையில் நிலையாக உட்காருவதற்காகவும் வைக்கப்பட்டது; பலத்த அடியைத் தாங்க அதனால் ஆகாது.

சுருக்கமாகச் சொன்னால், ஓடு அடியைப் பரப்புகிறது, தெர்மாகோல் நசுங்கி அடியை விழுங்குகிறது, மெத்தை தலையை இந்த இரண்டுக்கும் உள்ளே சரியான இடத்தில் பிடித்து வைக்கிறது. பொருத்தம் என்பது இந்த மூன்றாவது வேலையைப் பற்றியது.

இடைவெளி என்ன செய்கிறது

நகரப் பேருந்தில் முன்சீட்டின் கம்பியை ஒட்டி நிற்பவரையும், அதே கம்பிக்கு இரண்டடி பின்னால் எதையும் பிடிக்காமல் நிற்பவரையும் நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். கம்பியை ஒட்டி நிற்பவரும் பேருந்தும் சேர்ந்தே வேகம் குறைகிறார்கள். கம்பி அவரை அழுத்துகிறது, அவ்வளவுதான். பின்னால் நிற்பவரோ, பேருந்து வேகம் இழக்கத் தொடங்கிய பிறகும் பழைய வேகத்திலேயே இரண்டடி முன்னால் வந்து, பெரிதும் வேகம் குறைந்துவிட்ட கம்பியில் மோதுகிறார். ஒரே பேருந்து, ஒரே பிரேக், ஆனால் ஒருவருக்கு அழுத்தம், மற்றவருக்கு அடி.

தொளதொளவென்று இருக்கும் ஹெல்மெட்டுக்குள் தலைக்கு நேர்வது இரண்டாமவரின் கதி. ஓடு தடுப்புச்சுவரிலோ காரின் தூணிலோ மோதி நிற்கத் தொடங்குகிறது. தலை இன்னும் இடைவெளியைக் கடந்துகொண்டிருக்கிறது. இடைவெளி முடிந்து தெர்மாகோலைத் தொடும்போது தலையின் வேகம் சிறிதும் குறைந்திருக்காது. நாம் மேலே கணக்குப் போட்ட சென்டிமீட்டர்களில் ஒரு பங்கு, யாருக்கும் பயன்படாமல் அதற்குள் கழிந்துவிடுகிறது.

இன்னொரு கேடும் உண்டு. முதல் மோதலிலேயே தளர்ந்த ஹெல்மெட் திரும்பிக்கொள்ளும் அல்லது நெற்றிக்கு மேலே ஏறிவிடும். விபத்தில் தலை ஒரு முறை மட்டும் மோதும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது முறை மோதும்போது நெற்றியை மூடியிருக்க வேண்டிய பகுதி உச்சந்தலைக்குப் போயிருக்கும். கார் உருளும்போது, தாடைக்குக் கீழே கட்டும் வாரின் வழியாகவே கழன்று போகவும் வாய்ப்பு உண்டு.

இறுக்கத்தில் இரண்டு வகை

இனி அந்தப் பாதி உண்மைக்கு வரலாம். ஹெல்மெட் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது சரி. எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிற இறுக்கம் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குவிகிற இறுக்கம் கூடாது. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலையில் சுமை தூக்குகிறவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பது எதற்காக? குடத்தின் எடை சும்மாட்டினால் குறைவதில்லை. ஒரு புள்ளியில் குத்தும் எடையை அது வளையம் முழுவதும் பரப்பிவிடுகிறது; அதனால் அதே எடையை நெடுந்தூரம் சுமக்க முடிகிறது. சும்மாடு கோணலாக இருந்தால் கால் கிலோமீட்டருக்குள் தலை வலிக்கத் தொடங்கிவிடும். ஹெல்மெட்டும் இப்படித்தான். நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்தலை, கன்னம் என்று எல்லா இடங்களையும் ஒரே அளவில் அணைத்துப் பிடித்தால், முதலில் இறுக்கமாகத் தெரிந்தாலும் சில நிமிடங்களில் அதை மறந்துவிடலாம். ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால், அந்த இடம் பத்தாவது நிமிடத்தில் உறுத்தும், இருபதாவது நிமிடத்தில் வலிக்கும், கழற்றிப் பார்த்தால் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கும். இதை அழுத்தப் புள்ளி என்று சொல்லலாம்.

அழுத்தப் புள்ளி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு அன்று, வடிவம். மேலே இருந்து பார்த்தால் சிலருடைய தலை கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். சிலருடையது நெற்றியில் இருந்து பின்தலைவரை நீண்டு, முட்டை வடிவில் இருக்கும். பலருடையது இரண்டுக்கும் நடுவில். சுற்றளவு மூவருக்கும் 58 சென்டிமீட்டராகவே இருக்கலாம், ஆனால் ஒரே ஹெல்மெட் மூவருக்கும் பொருந்தாது. நெற்றியிலும் பின்தலையிலும் அழுத்தி, பொட்டுகளின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தால், உங்கள் நீளத் தலைக்கு வட்டமான ஹெல்மெட் கிடைத்திருக்கிறது என்று பொருள். பொட்டுகளில் நெருக்கி, நெற்றிப் பக்கம் விரல் நுழைந்தால் நிலைமை இதற்கு நேர்மாறு.

இந்த வலியைப் போக்க அடுத்த அளவுக்குப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வலித்த இடம் சரியாகும். ஏற்கெனவே இடைவெளி இருந்த இடங்கள் இன்னும் தளர்ந்துவிடும். மாற்ற வேண்டியது மாடலையோ பிராண்டையோதான். அதேபோல், வலிக்கும் இடத்தில் தெர்மாகோலைக் கரண்டியால் அமுக்கியோ உப்புத்தாளால் தேய்த்தோ பள்ளம் செய்துகொள்ளும்படி யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நசுங்க வேண்டிய பொருளை நீங்களே நசுக்கிவிட்டால், அடிபடும் நாளில் அந்த இடத்தில் அதற்கு வேலை செய்ய மிச்சம் எதுவும் இருக்காது.

பழகும் என்று சொல்லப்படுவது மெத்தை மட்டும்தான். பல மணி நேரம் அணிந்த பிறகு, குறிப்பாகக் கன்னங்களில், ஸ்பாஞ்சு சற்றுத் தளரும். தெர்மாகோலும் ஓடும் உங்கள் தலைக்காக வளைந்து கொடுக்கமாட்டா. ஆகவே புதிதில் கன்னங்கள் நெருக்கப்பட்டால் பொறுத்துக்கொள்ளலாம். நெற்றியில் ஓரிடம் வலித்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

அளவெடுப்பது

தையற்காரர் வைத்திருக்கும் துணி டேப் போதும். புருவத்துக்கு மேலே ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டரில் தொடங்கி, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலையில் மிகவும் துருத்தி நிற்கும் இடத்தின் வழியாகச் சுற்றி அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து, வந்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் துணித் தலையுறை அணிவதாக இருந்தால் அதை அணிந்துகொண்டே அளப்பது நல்லது.

'எம்' என்றால் 57 முதல் 58 சென்டிமீட்டர், 'எல்' என்றால் 59 முதல் 60 என்று பல பிராண்டுகளில் இருந்தாலும், எல்லா பிராண்டுகளிலும் அப்படி இல்லை. அந்தந்தத் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். டேப் கொடுக்கும் எண் எதை முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டுமே சொல்லும். தலையின் வடிவம் அதில் தெரியாது.

போட்டுப் பார்க்கும் முறை

இரண்டு வார்களையும் இரண்டு கைகளால் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தால் ஹெல்மெட்டின் வாய் சற்று விரியும். அப்படியே நெற்றியில் இருந்து தொடங்கிப் பின்னோக்கி உருட்டி இறக்க வேண்டும். காதைத் தாண்டும்போது சிரமமாக இருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல ஹெல்மெட் நுழையும்போது சிரமமாகவும் நுழைந்த பிறகு சீராகவும் இருக்கும். சற்றும் தடையில்லாமல் தொப்பி போல் இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

உட்கார்ந்த பிறகு கண்ணாடியில் பாருங்கள். முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கன்னங்கள் மெத்தையால் தள்ளப்பட்டு, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல் பேச்சு குழறினால் நல்லதுதான். ஆனால் வாயை மூடியிருக்கும்போது உள்கன்னம் பல்லுக்கு நடுவே மாட்டிக் கடிபடக் கூடாது. நெற்றிக்கும் மெத்தைக்கும் இடையே சுண்டுவிரலை நுழைக்க முயலுங்கள். எளிதாக நுழைந்தால் பெரிது.

அடுத்தது அசைத்துப் பார்ப்பது. நண்பர் ஒருவர் முகவாய்ப் பகுதியைப் பிடித்து மெதுவாக இடமும் வலமும் திருப்பட்டும். நீங்கள் கழுத்தை விறைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் திரும்பும்போது அதனுடன் நெற்றித் தோலும் கன்னத் தோலும் சேர்ந்து இழுபட வேண்டும். தோல் அப்படியே நிற்க, ஹெல்மெட் மட்டும் வழுக்கித் திரும்பினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடைய பழைய ஹெல்மெட்டை இந்தச் சோதனைக்கு உட்படுத்தியபோது, என் முகம் நேராகவே இருக்க, ஹெல்மெட்டின் கண்திறப்பு மட்டும் காதுப் பக்கமாக இரண்டு விரற்கடை நகர்ந்தது.

பிறகு வாரைக் கட்டுங்கள். தடத்துக்கான ஹெல்மெட்டுகளில் பொதுவாக இரட்டை டி வளையம் இருக்கும். வாரை இரண்டு வளையங்களின் வழியாகவும் நுழைத்து, ஒன்றின் மேலாகவும் மற்றதன் உள்ளாகவும் திருப்பி இழுத்தால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. இப்போது நண்பர் உங்கள் பின்கழுத்தருகே ஹெல்மெட்டின் கீழ்விளிம்பைப் பிடித்து மேலும் முன்னும் தள்ளிப் பார்க்கட்டும். முகத்தின் வழியாக உருண்டு கழன்றுவிடும் ஹெல்மெட்டை, வார் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வாங்கக் கூடாது. தளர்வை வாரால் சரிசெய்ய முடியாது. வார் ஹெல்மெட்டைத் தலையோடு கட்டி வைக்கிறதே தவிர, தலையைச் சுற்றியிருக்கும் இடைவெளியை நிரப்புவதில்லை.

கடைசியாக, அணிந்தபடியே அரை மணி நேரம் இருங்கள். கடையில் இதற்கு முகம் சுளிக்கலாம். அப்படியானால் வேறு கடைக்குப் போவதில் தவறில்லை. அழுத்தப் புள்ளிகள் ஐந்து நிமிடத்தில் தெரிவதில்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் ஹெல்மெட்டைப் போட்ட பிறகு கண்ணாடியை நுழைத்துப் பார்த்து, அதன் காம்பு பொட்டில் குத்துகிறதா என்று இதே அரை மணியில் தெரிந்துகொள்ளலாம்.

முடிந்தால் காருக்குள்ளும் உட்கார்ந்து பாருங்கள். சாதாரணக் கார்களின் சீட் ஹெல்மெட்டை எண்ணி வடிவமைக்கப்பட்டதன்று. ஹெட்ரெஸ்ட் ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முன்னால் தள்ளி, தாடை நெஞ்சை நோக்கி இறங்கும்படி செய்துவிடலாம். உயரமானவர்களுக்குக் கூரை இடிக்கலாம். இரண்டுக்கும் தீர்வு சீட்டின் சாய்வையும் உயரத்தையும் மாற்றுவதில் இருக்கிறது. சிறிய ஹெல்மெட் வாங்குவதில் இல்லை.

பைக் ஹெல்மெட் போதாதா?

இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்குரிய தரநிலை ஐஎஸ் 4151. சாலைக்கு அது சரியானது. கார் தடத்துக்கென்று வேறு தரநிலைகள் இருக்கின்றன; அவற்றில் பரவலாகக் கேட்கப்படுவது ஸ்னெல். 1956இல் கார் பந்தயம் ஒன்றில், அன்றைய ஹெல்மெட் காப்பாற்றத் தவறியதால் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்ற அமெரிக்க ஓட்டுநரின் பெயரில், அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட அறக்கட்டளை அது.

ஸ்னெல் முத்திரையில் 'எம்' என்ற எழுத்து மோட்டார்சைக்கிளையும், 'எஸ்ஏ' என்ற எழுத்துகள் கார் பந்தயத்தையும் குறிக்கும். எஸ்ஏ ஹெல்மெட் தீயைத் தாங்கும் சோதனைக்கும், காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கம்பியில் தலை மீண்டும் மீண்டும் மோதுவதைப் போன்ற சோதனைக்கும் உட்படுகிறது. எம் ஹெல்மெட்டுக்கு இவை இரண்டும் இல்லை. பைக்கில் இருந்து விழுபவர் வண்டியை விட்டு விலகிப் போகிறார். கார் ஓட்டுபவர் அதற்குள்ளேயே இருக்கிறார். இந்த வேறுபாட்டில் இருந்துதான் அந்தச் சோதனைகள் பிறந்தன. எஸ்ஏ 2020, எஸ்ஏ 2025 என்று தொடர்ந்து வரும் எண் தரநிலையின் ஆண்டு. எந்த ஆண்டு வரை ஏற்பார்கள், எம் ஹெல்மெட்டை அனுமதிப்பார்களா என்பதை உங்கள் நிகழ்ச்சியின் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டையும் அனுமதித்தால், என் தேர்வு எஸ்ஏதான். ஆனால் தொளதொளக்கும் எஸ்ஏ ஹெல்மெட்டைவிடக் கச்சிதமாகப் பொருந்தும் எம் ஹெல்மெட் மேல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாங்கிய பிறகு

பொருத்தம் ஒரு முறை பார்த்து முடித்துவிடும் விஷயம் அன்று. நம் ஊர் வெயிலில் ஒரு டிராக் டேயில் மெத்தை நாலைந்து முறை வியர்வையில் ஊறிக் காய்கிறது. நாளடைவில் ஸ்பாஞ்சு தளர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கன்னத்தை நெருக்கிய ஹெல்மெட் இன்று வழுக்கும். பல மாடல்களுக்குக் கன்ன மெத்தைகள் வெவ்வேறு தடிமனில் தனியாகக் கிடைக்கும். அவற்றை மாற்றினால் பழைய பிடிப்பு திரும்பும். நெற்றிச் சுற்றில் தளர்ந்திருந்தால் கன்ன மெத்தையை மாற்றி ஒன்றும் ஆகாது. தோல் இழுபடும் சோதனையை ஒவ்வொரு டிராக் டே காலையிலும் செய்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஹெல்மெட்டைப் பெட்ரோல் கேனுக்கு அருகில் வைக்காதீர்கள்; பெட்ரோலும் தின்னரும் தெர்மாகோலை அரித்துவிடும். காரின் ஸ்பாய்லர் முனையிலோ பைக் கண்ணாடியிலோ மாட்டிவைத்தால் உள்ளே பள்ளம் விழும். அடிபடாமலே இருந்தாலும் ஐந்து ஆண்டுகளில் மாற்றும்படி ஸ்னெல் அறக்கட்டளை பரிந்துரைக்கிறது.

தலை உள்ளே இருக்கும்போது ஒரு முறை பலமாக மோதிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாமல் புதிது போலவே இருக்கலாம். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. அதைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் கத்திரிக்கோலை எடுத்து இரண்டு வார்களையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறது என்று வேறொருவர் அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்.